சுடாத பத்தாவது குண்டு

அக்காவின் சமையலறையில், கழுவிய கோப்பைகளை வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துவாய் விரித்திருக்கும். அதன்மேல் விரல் நீளமுள்ள பிளாஸ்டிக் குப்பிகள் தலைகீழாக உலர்ந்துகொண்டிருக்கும். கோப்பை அந்தத் துவாயில் படக்கூடாது, குப்பி இந்தத் தட்டில் படக்கூடாது என்பது அக்காவின் சட்டம். லண்டனுக்கு வந்த புதிதில் முதன்முதலாக அவற்றைக் கண்டபோது, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டேன். "என்ன மருந்து அக்கா?" என்று கேட்டேன். அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "வெடிமருந்து," என்றாள்.

குப்பிகள் அத்தானுடையவை. அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஊரைவிட்டு வெளிக்கிட்டு முதலில் சுவிஸுக்குப் போய்ச் சேர்ந்தவர். அங்கே மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவத் தொடங்கிச் சமையல்வரை உயர்ந்தவர். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதிப் பேர் தேவாலயத்துக்கும் மீதிப் பேர் சுடுதளத்துக்கும் போவார்களாம். உணவகத்துக்குப் பாண் கொண்டுவரும் வெதுப்பகக்காரர் ஒருநாள் இவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அது இராணுவத் துவக்குச் சுடும் இடமல்ல. நூற்றைம்பது இருநூறு வருடத்துக்கு முந்திய மாதிரிக் கைத்துவக்குகளில் கருமருந்து போட்டுக் கடதாசி இலக்கைச் சுடும் சங்கம். "பாஷை தெரியாத ஊரில, இப்ப இதைச் செய், இப்ப கையை எடு எண்டு தெளிவாச் சொன்ன ஒரே இடம் அதுதான் மச்சாள்," என்று அத்தான் என்னிடம் ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அவர் காரணம் சொன்னதில்லை. மகனின் படிப்புக்காக லண்டனுக்கு மாறியபோது மரப்பெட்டியில் அந்த விருப்பமும் கூடவே வந்தது. சட்டன் பகுதியில் ஒரு வீடு, அதிலிருந்து கொஞ்சத் தூரத்தில் கார் திருத்தும் கராஜ், மாதத்தில் இரண்டு ஞாயிறு சுடுதளம். மகன் படித்து முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டான். மற்ற மூன்றும் தொடர்ந்தன.

அக்காவுக்குச் சத்தம் ஆகாது. ஷெல் விழுந்த நாட்களை நாங்கள் இருவரும் ஒரே பதுங்குகுழியில் கழித்தவர்கள்தான். ஆனால் எனக்கு அது உடம்பைவிட்டுப் போய்விட்டது, அவளுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் கதவு அடித்துச் சாத்தினாலும் கையிலிருக்கும் கரண்டி கீழே விழும். அப்படிப்பட்டவளின் படுக்கையறைக்கு எதிரே, படிக்கட்டின் மேற்சுவரில், இரும்பு அலுமாரி ஒன்று நாலு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. அதற்குள் இரண்டு கைத்துவக்குகள். கோயிலில் சனம் கதைத்தது. "வீட்டில துவக்கு வைச்சிருக்கினமாம்" என்ற ஒரு வசனத்தோடு சிலர் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கும் வேளையில் பொலீசிலிருந்து ஒருவர் வந்து அலுமாரியைத் தட்டிப் பார்த்தார், பூட்டின் திறப்பு எங்கே இருக்கும் என்று கேட்டார், பிறகு அக்காவைப் பார்த்து, வீட்டில் இது இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்றார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா நீண்ட நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓம் எண்டு சொல்லு," என்றாள். சொன்னேன். அந்த ஓமுக்குப் பின்னால் எவ்வளவு இருந்தது என்பது எனக்கு அன்று தெரியாது.

அவளுடைய பயத்துக்கு அவள் கண்டுபிடித்த மருந்து நான். "நீயும் கூடப் போ. சும்மா இருந்து பார்த்துக்கொண்டு வா," என்று ஒரு ஞாயிறு என்னை அனுப்பினாள். நான் தனியாள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை, ஞாயிறு ஓய்வு. போனேன். காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு கயிற்றுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். முதல் வெடியில் கதிரையைவிட்டு எழுந்துவிட்டேன். வெள்ளைப் புகை எழுந்து, கந்தக மணத்தோடு என்மேல் படர்ந்து போனது. அன்றே இனி வருவதில்லை என்று தீர்மானித்தேன். ஆனால் அடுத்தமுறையும் போனேன், அக்காவுக்காகத்தான்.

போகப் போக எனக்கு அங்கே பிடித்துப்போனது வெடியல்ல, வெடிக்குமுன் நடக்கும் ஒழுங்கு. கருமருந்துத் துவக்கில் தோட்டாவைச் செருகிச் சுட முடியாது. ஒவ்வொரு குண்டுக்கும் குழலின் வாய்வழியாக முதலில் மருந்து ஊற்றவேண்டும். அதன்மேல் இடைவெளியை நிரப்பக் கொஞ்சம் ரவை. நாங்கள் உப்புமா கிண்டும் அதே ரவை. அத்தான் அக்காவின் டின்னிலிருந்து எடுத்துப் போவார். பிறகு ஈயக் குண்டு. மூன்றையும் கோலால் இறுக்கி, கடைசியில் பின்பக்கத்தில், அடிபட்டதும் பொறி தரும் மிளகளவான ஒரு செப்புத் தொப்பி. தொப்பியைக் கோட்டில் நின்று, குழல் இலக்கைப் பார்த்திருக்கும்போது மட்டும்தான் வைக்கலாம். மருந்தைப் பெரிய பாத்திரத்திலிருந்து நேரே குழலுக்குள் ஊற்றக்கூடாது. உள்ளே ஒரு பொறி மிச்சமிருந்தால் பாத்திரத்தோடு கையும் போய்விடும். அதனால்தான் ஒரு தடவைக்கு ஒரு குப்பி என்று வீட்டிலேயே அளந்து அடைத்துக்கொண்டு வருவது. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், துவக்கை இறக்காமல் இலக்கை நோக்கியபடியே அசையாமல் காத்திருக்கவேண்டும். சிலவேளை மருந்து யோசித்துப்போட்டு வெடிக்கும். போட்டியில் அரை மணி நேரத்துக்குள் பதின்மூன்று குண்டு, அதில் சிறந்த பத்துக்குத்தான் புள்ளி. சுடுகிறவருக்குப் பக்கத்தில் நின்று யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஆனால் ஆபத்தென்று கண்டால் யாரும், தேநீர் ஊற்றுகிறவர்கூட, நிறுத்து என்று கத்தலாம். கத்தியது பிழையாக இருந்தாலும் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

மருந்தகத்தில் ஒருவர் எடுத்ததை இன்னொருவர் சரிபார்த்த பின்தான் வெளியே கொடுப்போம். அந்தப் பழக்கம் உள்ளவளுக்கு இந்த விதிகள் சொந்த வீடு மாதிரி இருந்தன. பயம் வரும்போது கையால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடைத்ததுபோல. சங்கத்தின் தலைமை அதிகாரி, ஓய்வுபெற்ற ஒரு ரயில் சாரதி, என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். சுடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கோட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை என்றார். பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட உதவி அதிகாரியானேன். இன்றுவரை ஒரு குண்டும் நான் சுட்டதில்லை.

இடங்களும் நிலையாக இருந்ததில்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊருக்கு அப்பால், பழைய மண்டபம் ஒன்றின் நிலத்தடியில் ஒரு தளம் இருந்தது. அங்கே புகையை இழுக்கும் விசிறி பழுதாகி, கருமருந்தை நிறுத்திவிட்டார்கள். கென்ற் பக்கம் கைவிட்ட கல்லுக்குழி ஒன்றில் சில காலம். கடைசியாக நிலைத்தது சரே மாவட்டத்தில், புதர் மண்டிய பொட்டல் வெளியில் உள்ள பெரிய தளம். வெயில் காலத்தில் அங்கே புல் காய்ந்தால் ஒரு பொறி போதும், காடே பற்றும், போட்டிகளைத் தள்ளிவைத்துவிடுவார்கள். எங்கே போனாலும் போகும் வழிதான் எனக்குப் பயம். காரின் பின்பெட்டியில் துவக்கு. பின்னால் பொலீஸ் வாகனம் ஒன்று வந்தால் அது விலகிப் போகும்வரை கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தான் எல்லாப் பத்திரமும் சட்டைப்பையில் வைத்திருப்பார். துவக்கு இருக்கும்போது காரை ஆளில்லாமல் விடக்கூடாது என்பதில் கடும் பிடிவாதம். அக்கா ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் மீன் வாங்கிவரச் சொன்னால் ஒருவர் கடைக்குப் போக ஒருவர் காரில் இருக்கவேண்டும்.

முதல் அறிகுறி அங்கேதான் வந்தது. அந்த நிலத்தடித் தளம் இருந்த காலத்தில், ஒருநாள் சுட்டுவிட்டுத் திரும்பும் வழியில், மீன் வாங்க அத்தான் இறங்கிப் போனார். வெகு நேரம் காணவில்லை. நான் காரைவிட்டு இறங்கமுடியாமல், கண்ணாடியில் வருகிறவர் போகிறவர் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் வெறுங்கையோடு வந்தார். "கடை பூட்டு," என்றார். கடையின் வெளிச்சம் நான் இருந்த இடத்துக்கே தெரிந்தது. வாசலில் சனம் பையோடு வெளியே வந்துகொண்டிருந்தது. வீட்டில் அக்கா, "மீன் எங்க?" என்று கேட்டபோது அத்தான் என்னைப் பார்த்தார். விடை என்னிடம் இருக்கிறது என்று நம்புகிற பார்வை. "நல்ல மீன் இல்லை அக்கா," என்றேன். அக்கா சரி என்று உள்ளே போய்விட்டாள்.

பிறகு அவை ஒன்றொன்றாக வரத் தொடங்கின, அல்லது நான் ஒன்றொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். பத்து வருடம் போய்வந்த சுற்றுவட்டத்தில் பிழையான பாதை. கராஜில் கையில் வைத்துக்கொண்டே ஒரு சாவியைத் தேடியது. என்னை ஒருநாள் தன் தங்கச்சியின் பெயரால் கூப்பிட்டது. ஆனால் சுடுதளத்தில் மட்டும் அவர் பழைய அத்தானாகவே இருந்தார். நிறைந்த குப்பிகள் வலப்பக்கம் நிமிர்ந்து நிற்கும். வெறுமையானவை இடப்பக்கம் தலைகீழாகப் போகும். மருந்து, ரவை, குண்டு, கோல், தொப்பி. ஒவ்வொன்றும் அடுத்ததைக் கைபிடித்துக் கூட்டிவந்தது. அவர் முகத்தில் வீட்டில் இல்லாத ஒரு தெளிவு அங்கே இருக்கும். எனக்குப் பதற்றம் அங்கேதான் கூடியது. அவர் முழுதாக இருக்கும் ஒரே இடம், முழுதாக இல்லாதவர் நிற்கக்கூடாத இடமாகவும் இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? அக்காவிடம் சொன்னால் அன்றே அவள் உடைந்துபோவாள் என்று நினைத்தேன்.

ஒரு பயிற்சி நாளில் அந்த ஒழுங்கும் ஓர் இடத்தில் அறுந்தது. இடப்பக்கம் கவிழ்ந்திருந்த குப்பி ஒன்றை எடுத்துக் குழலின் வாயில் சரித்தார். ஒன்றும் விழவில்லை. குப்பியை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு வலப்பக்கம் கை போனது. அவர் ஏற்கெனவே மருந்து போட்டுவிட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை; அந்த நேரம் மற்ற ஓடையில், அதாவது அடுத்தவர் நின்று சுடும் தடத்தில், ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழலுக்குள் இரண்டு தரம் மருந்து போனால் துவக்கே கையில் சிதறலாம். "நிறுத்துங்கள்" என்று கத்தினேன். எல்லோரும் துவக்கை இறக்கினார்கள். நானே கோலைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தேன். ஒவ்வொருவரின் கோலிலும் இரண்டு கோடு கீறியிருக்கும். வெறுங்குழலுக்கு ஒன்று, சரியாக ஏற்றிய குழலுக்கு ஒன்று. குழல் வெறுமையாக இருந்தது. ஆபத்தில்லை.

வீடு திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டேன்.

"அத்தான், டொக்டரிட்ட ஒருக்காப் போவமோ?"

அவர் பக்கத்துக் கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்துக்கு?"

"உங்களுக்குத் தெரியும் என்னத்துக்கு எண்டு."

கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பினார். "வாற போட்டி முடியட்டும். பேந்து நானே போறன்."

"போட்டியில ஏதும் நடந்தா?"

"சந்தேகம் எண்டு வந்தா நான் கையைத் தூக்குவன். விதி அதுதானே? நீரும் எனக்குப் பின்னால நில்லும்." பிறகு, "அக்காவுக்குச் சொல்லவேண்டாம். அவ தாங்கமாட்டா," என்றார்.

தலைமை அதிகாரியிடம் மட்டும் நான் போய்ப் பேசினேன். அத்தானுக்கு உடல்நிலை கொஞ்சம் சரியில்லை, நான் அவருடைய ஓடைக்குப் பின்னால் நிற்கவேண்டும், வேறு எந்த ஓடையும் எனக்குத் தரவேண்டாம் என்றேன். அவர் கூர்ந்து பார்த்தார். அடுத்த பயிற்சிக்குத் தானே வந்து அத்தானோடு அரை மணி நேரம் நின்றார். ஒரு பிழையும் இல்லை. போட்டியில் தானும் பக்கத்திலேயே நிற்பதாகவும், ஒரு சின்ன மாற்றம் கண்டாலும் நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். போட்டிக்கு முந்திய கிழமை முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருந்தகத்தில் ஒரே மாத்திரைப் பெட்டியை மூன்று தரம் எண்ணினேன். கண்ணை மூடினால் ஒரு கை கவிழ்ந்த குப்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தது. மழை வந்து போட்டி நின்றுபோகாதா என்று வானிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழை வரவில்லை.

அன்று காலை பொட்டல் வெளியில் மெல்லிய காற்று. சிவப்புக் கொடி ஏறியது. அத்தான் சலவை செய்த சட்டையின் கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, மேசையில் குப்பிகளை அடுக்கினார். நான் அவருக்குப் பின்னால், இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். கட்டளை வந்தது. முதல் வெடிகள் எல்லாம் ஒன்றாக எழுந்து, புகை ஒரு திரைபோல் விழுந்து, காற்றில் மெல்ல விலகியது. அவர் உதடு அசைவதைப் பக்கவாட்டில் கண்டேன். சிறுபிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குண்டு. கவிழ்ந்த குப்பி இடப்பக்கம் போனது. இன்னொரு குண்டு. ஒவ்வொரு குப்பியோடும் நானும் மூச்சை விட்டேன். தொலைநோக்கியில் பார்த்தேன், இலக்கின் கறுப்புக்குள் துளைகள் கிட்டக் கிட்ட இருந்தன. பல வருடங்களில் அவர் இவ்வளவு நன்றாகச் சுட்டதில்லை. நன்றாகச் சுடும்போது நிறுத்த மனம் வராது என்பது எனக்குத் தெரியும்.

ஒன்பது முடிந்தது. பத்தாவதுக்கு மருந்து ஊற்றினார், ரவை, குண்டு, கோலால் இறுக்கினார். கோலை மேசையில் வைத்தார். தொப்பி இருக்கும் சின்ன டப்பாவுக்குக் கை போனது. அந்த நேரத்தில் பக்கத்து ஓடைத் துவக்கு வெடித்துப் புகை இவர்மேல் அடித்தது. புகை விலகியபோது அவர் கை டப்பாவின் மேலேயே நின்றது. எடுக்கவுமில்லை, திரும்பவுமில்லை. குழல் இலக்கைத்தான் பார்த்திருந்தது. விதிப் புத்தகத்தில் இப்படி நிற்பது குற்றமில்லை. சுடுகிறவர் யோசிக்கலாம், மூச்சு வாங்கலாம். நான் வாயைத் திறந்தேன். கத்தவேண்டும் என்று தோன்றியது, கத்த ஒன்றுமில்லை என்றும் தோன்றியது. தலைமை அதிகாரி ஓரடி முன்னால் வந்தார். அப்போது அத்தான் டப்பாவிலிருந்து கையை எடுத்து, மெதுவாக, தலைக்கு மேலே உயர்த்தினார்.

நாங்கள் இருவரும் ஒன்றாகப் போனோம். அவர் இலக்கிலிருந்து பார்வையை எடுக்காமலே தமிழில் சொன்னார். "எனக்குத் தெரியேல்லை மச்சாள். மருந்து போட்டனானோ, ரெண்டு தரம் போட்டனானோ, எனக்குத் தெரியேல்லை." நான் ஆங்கிலத்தில் அதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

தலைமை அதிகாரி தொப்பி இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, கோலை எடுத்துக் குழலுக்குள் விட்டார். குழலின் விளிம்பு இரண்டாவது கோட்டோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. மீண்டும் ஒருமுறை பார்த்தார். எனக்கும் காட்டினார். சரியான அளவு. ஒரு பிழையுமில்லை.

"சரியாகத்தான் ஏற்றியிருக்கிறீர்கள். நேரம் இருக்கிறது. விரும்பினால் சுடலாம்," என்றார் அவர். ஆனால் அதைச் சொன்னபோது அத்தானின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் தலையை இடம்வலமாக அசைத்தார். "இல்லை," என்றார் ஆங்கிலத்தில். பிறகு என்னிடம், "நீங்கள் சொல்லித்தான் எனக்கு இப்ப தெரியுது. அது காணாது. இதுக்கு முந்தின ஒன்பதும் எனக்குத் தெரிஞ்சு சுட்டது. இதை நான் தெரியாமச் சுடமாட்டன்," என்றார். துவக்கைக் குழல் முன்னே பார்க்க மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஏற்றிய குண்டை வெளியேற்றக் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி ஒன்று உண்டு. தலைமை அதிகாரி அதைப் பொருத்தி அழுத்தினார். எத்தனையோ வெடி கேட்ட இடத்தில், பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். குண்டு உருண்டு மணலில் விழுந்தது. மருந்தும் ரவையும் பின்னால் கொட்டுண்டன. அந்தச் சத்தத்துக்கு அத்தான் கண்ணை மூடித் திறந்தார். தளத்தில் யாரும் என்ன ஏதென்று விசாரிக்கவில்லை. ஓடைகளில் மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய ஒன்பது துளைகளுக்குப் புள்ளி போட்டபோது, பதின்மூன்று குண்டும் சுட்ட சிலரைவிட அவர் மேலே இருந்தார். அதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது, "நான் சொல்லுறன்," என்று மட்டும் சொன்னார். துவக்குகளை மேலே கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கை கழுவி, சமையலறைக்கு வந்து மேசையில் இருந்தார். அக்கா மூவருக்கும் தேத்தண்ணி போட்டு வைத்தாள்.

"இஞ்சேரும்," என்றார் அத்தான். "இனி நான் சுடப் போகேல்லை."

"தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ."

"எனக்கு மறதி வருதப்பா. சும்மா மறதியில்லை."

அக்கா தன் கோப்பையைக் கீழே வைத்தாள். கை நடுங்கவில்லை. கதவுச் சத்தத்துக்குக் கரண்டியைப் போடுகிற அக்காவின் கை அது. "எனக்குத் தெரியும்," என்றாள்.

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"போன பொங்கலுக்கு முதலே தெரியும். கோயிலால வந்து காரை நிப்பாட்டிப்போட்டு, எங்கட வீடு எது எண்டு என்னட்டக் கேட்டனீங்கள். பகிடி எண்டு நினைச்சு முகத்தைப் பார்த்தன். பகிடியில்லை."

எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. "அப்ப ஏன் அக்கா விட்டனீங்கள்? துவக்கல்லோ? ஏதும் நடந்திருந்தா?"

அக்கா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பதில் சொன்னாள். "அங்க போய் வந்தா ரெண்டு நாளைக்கு இவர் இவராவே இருப்பார். கதைப்பார். பேப்பர் வாசிப்பார். என்ர பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த ரெண்டு நாளும் எனக்கு வேணும். அதுதான் விட்டன். நீ பின்னால நிப்பாய் எண்டு தெரியும்தானே." கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "ஆனா பயமில்லாம இருக்கேல்லை. கார் வந்து நிண்டு, ரெண்டு கதவும் சாத்துற சத்தம் கேட்கும் மட்டும் நான் கேத்தில்கூடப் போடுறேல்லை. ஒரு கதவுச் சத்தம் மட்டும் கேட்டா என்ன செய்யிறது எண்டு ஒவ்வொரு ஞாயிறும் யோசிச்சுக்கொண்டிருப்பன்," என்றாள்.

ஒரே வீட்டுக்குள் மூன்று பேர், ஒருவரிடமிருந்து ஒருவர், அதே பயத்தை ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். அத்தான் மேசைக்குக் குறுக்காகக் கையை நீட்டினார். அக்கா பிடித்தாள். நான் எழுந்து போய், தேவையில்லாமல், கேத்திலில் மறுபடி தண்ணீர் நிரப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வரிசையாக நடந்தன. டொக்டர், ஸ்கான், நினைவாற்றல் கிளினிக், அங்கே கடதாசியில் கடிகாரப் படம் கீறச் சொன்ன ஓர் இளம் பெண். பொலீசுக்கு அத்தான் தானே போன் எடுத்து, துவக்கைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். சொல்லவேண்டியதை முன்னால் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தார். உரிமம் உள்ள வியாபாரி ஒருவர் வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். அலுமாரியைக் கழற்றியதும் சுவரில் நாலு ஓட்டை இருந்தது. கராஜில் அவருடன் வேலைசெய்த பையன் வந்து பூசிவிட்டுப் போனான். துவக்கு வீட்டைவிட்டுப் போனால் அக்காவுக்கு நித்திரை வரும் என்று நான் நினைத்திருந்தேன். வரவில்லை. "அது பூட்டுக்குள்ள இருந்தது. இதை எதுக்குள்ள பூட்டுறது?" என்று ஒருநாள் கேட்டாள்.

நான் இன்னும் சுடுதளத்துக்குப் போகிறேன். போட்டிக்கு முன்னால் பாதுகாப்பு விதிகளை வாசிப்பது இப்போது என் வேலை. சந்தேகம் வந்தால் கையை உயர்த்துங்கள் என்ற வரி வரும்போது கொஞ்சம் மெதுவாக வாசிக்கிறேன். மற்ற ஞாயிறுகளில் அக்கா கோயிலுக்குப் போக, நான் அத்தானோடு இருக்கிறேன். சில நாள் நான் யாரென்று தெரியும். சில நாள் ஆஸ்பத்திரியால் வந்த ஆள் என்று நினைத்து மரியாதையாகப் பேசுவார்.

போன மாதம் ஒரு பகல் அக்காவின் போன் வந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் முன்கதவு திறந்திருக்கிறது, அத்தானைக் காணவில்லை. நான் வேலையிலிருந்து அப்படியே ஓடினேன். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தேடினோம். பஸ் தரிப்பிடம், ரயில் நிலையம், கராஜ் இருந்த இடம், இப்போது அங்கே வேறு கடை. மழைத் தூறல். வேகமாகப் போகும் ஒவ்வொரு காரும் எனக்கு என்னவோ செய்தது. கடைத்தெருவின் முனையில் அக்காவைக் கண்டேன். வீட்டுச் செருப்போடு, தலை நனைந்து, ஒரு கண்ணாடிக்கு முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். முடிதிருத்தும் கடை. உள்ளே அத்தான் வெள்ளைத் துணி போர்த்திச் சுழல்கதிரையில் இருந்தார். ஒரு பக்க முடி வெட்டியாகிவிட்டது, மறுபக்கம் பாக்கி. கடைக்காரர் கத்தரிக்கோலோடு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு இருவரும் உள்ளே போனோம். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அத்தான் எதிரே இருந்த கண்ணாடியில் எங்களைக் கண்டு, முகம் மலர்ந்து, ஒரு சின்னக் கண்டிப்போடு கேட்டார்.

"ஏன் இப்பிடி ஓடி வாறியள்? நான் இஞ்சதானே இருக்கிறன்."

அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்து, அவர்மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம்," என்றாள். "இஞ்சதான் இருக்கிறியள்."